சேமியாக்காரன் செத்த கதை

உத்தமனுக்குச் சீன மொழியில் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனாலும் பட்டாபிராமில் சீனப் படம் போட்டால் கதை சொல்ல அவனை விட்டால் நாதி கிடையாது. பரந்தாமனின் வீடியோ கொட்டகையில், டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் பழைய போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கைப் பிடித்தானென்றால், சீனர்கள் சொந்த பாஷையை மறந்துவிட்டு மெட்ராஸ் பாஷையில் சண்டை போடுவார்கள். வில்லன் முனியன் ஆவான், அடியாள் துலுக்கானம் ஆவான். வாயாலேயே அவன் எழுப்பும் குத்துச் சத்தத்தில் திருநின்றவூரில் தொட்டில் குழந்தைகள் அலறி எழுந்ததாகப் பேச்சு.

போர்வை எதற்கு என்று பரந்தாமன் கேட்டதற்கு, "கூச்சமா கீதுண்ணா" என்று சொல்லியிருந்தான். தாடி மார்பைத் தொட்ட ஒரு முப்பத்தைந்து வயசு வெல்டருக்கு அப்படி என்ன கூச்சம் என்று யாரும் யோசிக்கவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷக் கோடையில் வந்த படம் அவனை வதைத்தது. மலையடிவாரத்தில் சேமியா விற்கிறவன் ஒருத்தன். சீனாவில் அதற்கு வேறு பெயர் இருக்கும். பட்டாபிராமில் அது சேமியாதான். ஈ மேலே உட்கார்ந்தால் மன்னிப்புக் கேட்கும் அளவுக்குச் சாது. ஆனால் பழைய வாள்வீரன். செத்துவிட்டதாக ஊரையே நம்பவைத்து, பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்திருக்கிறான். கடைசியில் பழைய பெண்டாட்டி அவனைக் கண்டுபிடித்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜனங்கள் அதையே போடச் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி உத்தமனுக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

ஏனென்றால் அவனும் ஒரு சேமியாக்காரன்தான். உண்மைப் பெயர் கஜபதி. அயனம்பாக்கத்தில் ராஜம்மா என்று ஒரு மனைவியும், சர்க்கார் ஃபேக்டரியில் வேலையும் இருந்தன. பத்மா என்று இன்னொருத்தியின் மேல் பித்தாகி, ஒருநாள் சட்டையையும் செருப்பையும் ஏரிக்கரையில் கழற்றிப் போட்டுவிட்டு ரயிலேறினான். ஓடுகிறவன் காசிக்கு ஓடுவான், கல்கத்தாவுக்கு ஓடுவான். இந்த மகாவீரன் நாலைந்து ஸ்டேஷன் தள்ளியிருக்கும் பட்டாபிராமுக்கு ஓடினான். பத்மாவின் வீடு அங்கேதான் இருந்தது. சேலத்து அனாதை என்று அவளிடம் சொல்லித் தாலி கட்டினான். அன்றிலிருந்து கிழக்கே, அயனம்பாக்கம் பக்கம் போகும் ரயிலில் கால் வைத்ததில்லை. பத்மாவுக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவன் விடியலும் அந்தியும்.

ஒரு ஞாயிறு பகல் காட்சிக்கு பத்மா வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். போர்வையின் ஓட்டை வழியாகப் பார்த்த உத்தமன் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மூன்றாவது வரிசையில் வேர்க்கடலை கொறித்தபடி உட்கார்ந்திருந்தவன் கோவிந்தராஜ். ராஜம்மாவின் தம்பி.

முகத்துக்குப் போர்வை இருக்கிறது, குரலுக்கு? உத்தமன் குரலை இழுத்துக் கீச்சிட்டான்.

"இன்னா மாமே, தொண்டைல எலி பூந்துகிச்சா?" என்றது ஒரு குரல்.

"எலி இல்லடா, சீனாக்காரன் பேய் புட்ச்சிகினு கீது."

கொட்டகை சிரித்தது. கோவிந்தராஜும் சிரித்தான். அப்படியே கீச்சுக்குரலில் முக்கால் படத்தை ஓட்டிவிட்டான் உத்தமன். வியர்வையில் தாடி நனைந்து, மைக் வழுக்கியது. பிறகு சேமியாக் கடை வாசலில் பழைய பெண்டாட்டி வந்து நின்றாள்.

எந்தப் படமாக இருந்தாலும் கதாநாயகிக்கு அவன் ஒரே பெயர்தான் வைப்பான். கொட்டகைக்கே பிடித்த பெயர் அது. வழக்கப்படி வாய் முந்திக்கொண்டது.

"வந்துட்டியா, என் கொடுக்காப்புளி."

ஒல்லியாய், வளைந்து நெளிந்து நடந்த ராஜம்மாவைக் கல்யாணமான புதிதில் அவன் கூப்பிட்ட பெயர். அயனம்பாக்கத்தில் அந்த ஒரு வீட்டைத் தவிர வேறு எங்கும், எவனும் பெண்டாட்டியை அப்படிக் கூப்பிட்டதில்லை.

கோவிந்தராஜின் கை கடலைப் பொட்டலத்தோடு நின்றது. அவன் எழுந்து, நேராக நடந்துவந்து, போர்வையை விலக்கினான். தாடிக்குள் முகத்தைத் தேடினான்.

"மாமா," என்றான் மெதுவாக. "வெளிய வா."

கொட்டகைக்குப் பின்னால் வேலிக்காத்தான் புதர் ஓரம் நின்றார்கள். உத்தமன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கோவிந்து, உன் கால்ல உய்றேன். பத்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. அக்காவாண்ட சொல்லிடாத."

"அக்காவாண்டயா? அதுக்கு அன்னிக்கே தெரியும்." கோவிந்தராஜ் கையை உருவிக்கொண்டான். "ஏரில எவனோ ஒர்த்தன் மெதந்தான். ஊரே நீதான்னுச்சி. அக்கா காலப் பாத்துட்டு, இது அவரு இல்லடான்னு என் காதுல சொல்லிச்சி. வாய மூடுக்கா, ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு எவன் வேல குடுப்பான்னு நான்தான் அடக்குனேன். நானே மொட்ட போட்டுகினு அவனுக்குக் கருமாதி பண்ணேன். உன் வேலைய அக்காவுக்குக் குடுத்தாங்க. இப்ப அதுலதான் அந்த ஊட்ல உல கொதிக்குது."

"அப்ப என்னத் தேடி வரல?"

"சைக்கிள் பஞ்சரு. ஒட்டற வரைக்கும் படம் பாக்கலாம்னு வந்தேன்." அவன் முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் உத்தமனுக்குத் தாங்கவில்லை. "உனக்குப் புண்ணியமா போவும். உசுரோட மட்டும் வந்துடாத. வேல பூடும், அக்கா ஜெயிலுக்குப் பூடும். செத்தவன் செத்தவனாவே இரு மாமா."

கோவிந்தராஜ் போகத் திரும்பியபோது பத்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் உத்தமனுக்கான டீ கிளாஸ். எவ்வளவு நேரமாக என்று கேட்கத் தேவையில்லை. டீயின் மேல் ஆடை படிந்திருந்தது.

கோவிந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

"பத்மா..."

"உன் பேர் இன்னா?"

சீனர்கள் அத்தனை பேருக்கும் பெயர் வைத்தவன், டீ கிளாஸை வாங்கக் கையை நீட்டினான்.

"செத்தவன் கட்ன தாலியாய்யா இது?" என்றாள். குரல் உயரவில்லை. டீயைப் புதரடியில் ஊற்றினாள்.

உள்ளே விசில் பறந்தது. "யோவ், கத சொல்ற ஆளு எங்கய்யா பூட்டான்?" என்று பலகைகளைத் தட்டினார்கள். திரையில் சேமியாக்காரனும் பெண்டாட்டியும் தங்கள் பாஷையில் அழுதுகொண்டிருந்தார்கள்.

பத்மா பின்வழியாக உள்ளே போனாள். உத்தமன் பின்னாலேயே வந்தான். அவள் கீற்றுக் கதவைச் சாத்தி உள்ளே கொக்கி போடும் சத்தம் கேட்டது. பிறகு மைக்கில் அவள் மூச்சு.

"கதய நான் சொல்றேன்," என்றாள். கொட்டகை அடங்கியது. "இந்த ஆளு செத்துட்டான். எப்பவோ செத்துட்டான். ஊருக்கே தெரியும். அவனோட படுத்து எழுந்த பொம்பளைக்குத்தான் தெரியாது."

"அவன் அய்துகினு நிக்கறானேக்கா," என்றான் ஒருத்தன்.

"நிக்கட்டும்."

கொட்டகை இடிந்து விழுவதுபோல் சிரித்தது. இத்தனை நாளில் உத்தமன்கூட அப்படி ஒரு சிரிப்பை வாங்கியதில்லை.

வெளியே, சாத்திய கீற்றுக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அவன் நின்றான். திறக்கச் சொல்லிக் கூப்பிடலாம்தான். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திறப்பாள் என்று தெரியவில்லை.