சனிக்கிழமை ஒன்று முதல் நான்கு வரை

1

இந்தக் கதை திருட்டுச் சொத்து. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

காலேஜ் மாணவன் ஒருவன் கீழக்குயில்குடி சமணர் மலையில் ரீல்ஸ் எடுத்துப் போட்டிருந்தான். அவன் ஆடுகிறான். பின்னால் ஒரு பாறையில், மூன்றே விநாடி, ஒரு பெண். நாற்பது வயது இருக்கலாம். கையில் போன் இல்லை. பக்கத்தில் ஆள் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த மூன்று விநாடியை வெட்டி என் முகநூலில் போட்டேன். 'இங்கே ஒரு கதை உட்கார்ந்திருக்கிறது. கண்டுபிடியுங்கள்!' இருபது வருடமாக வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் பிணம் விழவைத்துப் பிழைப்பவன். கை சும்மா இருக்குமா?

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். கள்ளக்காதல், தற்கொலை, புதையல். அடுத்ததாக முத்துக்குமரன் என்றொருவர் எழுதினார்: "இது நம்ம செல்வம் மாப்ள சம்சாரம்ல?"

பதறிப்போய் அழித்தேன். அதற்குள் அது அவள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: 'மலையுச்சியில் அவள் காத்திருந்தாள். அவன் வருவானா?'

(அடித்துவிட்டேன். அவன் என்று ஒருவன் இல்லை. அதுதான் இந்தக் கதையின் தொல்லை.)

இரண்டாம் தொடக்கம்: நாகஜோதி [பெயரை மாற்றியிருக்கிறேன், இந்தப் புத்தி அப்போது வரவில்லை] தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறாள். வீடு நாகமலை புதுக்கோட்டையில். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அறுபத்து நான்கு பேர். அவள் வைத்த குழம்பு, டாக்டர் எழுதிய மாத்திரைச் சீட்டு, காலில் வந்த கொப்புளம், எல்லாம் அங்கே உண்டு. அவள் எங்கே இருக்கிறாள் என்று கணவன் செல்வக்குமாரின் போனில் ஒரு நீலப் புள்ளி எந்நேரமும் காட்டும். சந்தேகமெல்லாம் கிடையாது. அக்கறை.

சனிக்கிழமை வேலை ஒரு மணிக்கு முடியும். வீட்டில் நான்கு என்று சொல்லியிருந்தாள். போனை மேசை டிராயரில் பூட்டிவிட்டு, ஸ்கூட்டியில் கீழக்குயில்குடி போய், பாறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, போனை எடுக்க மறுபடி தல்லாகுளம் வந்து, அப்புறம் வீடு. வீட்டுக்குப் பக்கத்து மலைக்கு நாற்பது கிலோமீட்டர் சவாரி! என் கொலைகாரர்களில் ஒருவனுக்குக்கூட இவ்வளவு கச்சிதமாகத் திட்டம் போடத் தெரியாது.

3

"யாரு கூடப் போன?" என்றான் செல்வக்குமார்.

"யாரு கூடயும் இல்லங்க."

"தனியா போயி என்ன செஞ்ச?"

"உக்காந்திருந்தேன்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"உக்கார்றதுக்கு மலையா? வீட்ல சோபா எதுக்குக் கெடக்கு?"

சோபாவில் நாத்தனார் திவ்யா கிடந்தாள். மூன்று விநாடியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மதினி, பாறைக்குப் பின்னாடி ஆளு மாதிரி தெரியுதே?"

"அது ஆடு."

"ஆட்டுக்குக் கையி இருக்கு மதினி."

"கொம்புடி அது!"

யாராவது ஒரு ஆம்பிளையின் பெயரைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள் என்று நாகஜோதிக்குத் தோன்றியது. கத்தியிருப்பார்கள், பஞ்சாயத்து வைத்திருப்பார்கள், ஏதோ ஒரு விதத்தில் தீர்ந்திருக்கும். தனியாக இருந்ததற்குச் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது?

(இந்த இடத்தில் செல்வக்குமாரை வில்லனாக்கிப் பார்த்தேன். பெல்ட்டை உருவினான் என்று ஒரு பத்தி. பொய். அவன் அழுதான். "என் கூட இருக்கப் பிடிக்கலையா ஜோதி?" என்று கேட்டான். அவள் வாயில் வைக்க ஒரு பதிலை மூன்று நாள் எழுதி எழுதி அடித்தேன்.)

4

அடுத்த சனிக்கிழமை என்ன நடந்தது? கொலையா? அதைவிட மோசம். புளியோதரை.

"ஒனக்கு மலைதானே வேணும்? தனியா என்னத்துக்குப் போற? எல்லாரும் வாரோம்," என்றான் செல்வக்குமார். ஒரே கார், ஒன்பது பேர், இரண்டு தூக்குவாளி. திவ்யா லைவ் போட்டாள்.

"மதினி, அன்னைக்கு உக்காந்த மாதிரியே உக்காருங்க. கேமராவப் பாக்காதீக!"

உட்கார்ந்தாள். குரூப் முழுக்க ஹார்ட் போட்டார்கள்.

5

ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து அவளே என்னைக் கூப்பிட்டாள். முகநூலில் என் நம்பர் இருக்கிறது. [மேலே இருப்பதில் பாதி அவள் அப்போது சொன்னது. மீதி என் கைச்சரக்கு. எது எதென்று கேட்காதீர்கள்.]

"அந்தப் படத்த எடுத்துருங்க சார்."

"அன்னைக்கே எடுத்துட்டேம்மா. ஆனா மத்தவங்க போட்டது..."

"தெரியும். இருக்கட்டும். நான் வேற எடம் பாத்துக்கிட்டேன்."

"எங்கம்மா?"

கேள்வி தானாக வந்துவிட்டது. அவள் ரிசீவரை வைத்துவிட்டாள்.

யோக்கியன் இங்கேயே கதையை முடித்திருப்பான். நான் அவள் கூப்பிட்ட நம்பரை வைத்து ஆபீஸைக் கண்டுபிடித்து, அந்த வாரச் சனிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு, அதற்கு எதிர் டீக்கடையில் நின்றேன். கதைக்காக. (கதைக்காக என்று சொல்லிவிட்டால் எதுவும் செய்யலாம் என்று நினைக்கிற கூட்டம் நாங்கள்.)

ஒரு மணி. நாகஜோதி ஹெல்மெட்டோடு படியிறங்கி வந்தாள். வண்டியை வெளியே எடுத்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகநூல் படத்திலும் இதே மீசைதான், இதே கண்ணாடிதான்.

ஹெல்மெட்டைக் கழற்றினாள். வண்டியை மறுபடி உள்ளே தள்ளி நிறுத்தினாள். படியேறிப் போனாள்.

நான்கு மணி வரை அந்த மாடியில் அவள்

[இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன்.]

நான் போகாத சனிக்கிழமை ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்புங்கள். இடத்தின் பெயரை மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம்.