மூடாத ஜன்னல்

1

இந்தக் கதை ஒரு தும்மலில் பிறந்தது. ஒளித்து என்ன ஆகப்போகிறது. 1958 ஆனி மாதம், தென்காசி. தில்லைநாயகம் பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து, ‘இதமான சாரல் வீசியது’ என்று முதல் வரியை எழுதினார். பின்னால் அவர் மனைவி சண்முகசுந்தரி தும்மினாள். விருதுநகர்க்காரி. ஆனி பிறந்தால் பெட்டி கட்டிப் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள். கோபக்காரி என்று அவரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இந்த முறையும் நாளைக் காலை ரயில். ஆனால் திரும்பும் தேதியைச் சொல்லவில்லை. பிள்ளைவாளுக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் அவர் கதை எழுதுவார்.

2

கதாநாயகன் சொரிமுத்து, பட்டாளத்துக்காரன். காஷ்மீரிலிருந்து விடுப்பில் வந்தவன் ஐந்தருவியில் நின்றுகொண்டு

(ஆசிரியர் அவனை ஆனந்தத்தில் சிலிர்க்கச் சொன்னார். அவனோ பனியனைக் கழற்றி விசிறிக்கொண்டு, “என்ன புழுக்கம் அண்ணாச்சி” என்றான். அந்த இடத்திலேயே சீட்டைக் கிழித்து அனுப்பிவிட்டார்.)

3

ஆகவே கதாநாயகி. அவளும் விருதுநகர்தான். கல்யாணமான புதிதில் கணவன் அவளை எண்ணெய் தேய்க்க வைத்து அருவியில் நிறுத்தினான். அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. வெட்கம் என்று நினைத்து அவன் பூரித்துப் போனான்.

[இது கற்பனை இல்லை. அடித்துவிடலாமா?]

பிறகு ஏன் வருஷாவருஷம் அவனை விட்டுப் போகிறாள்? ‘தீராத கோபத்தால்’ என்று எழுதி உரக்கப் படித்தார். பின்னால் போர்வைக்குள்ளிருந்து மனைவியின் பதில் வந்தது.

“கோவம் ஒண்ணுமில்ல. குளுருது.”

பேனா நின்றது. பதினோரு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“ஊரு உலகமெல்லாம் ரயிலேறி வந்து குளிக்குது. அது எனக்கு ஆகலன்னா சிரிக்க மாட்டாவளா? எங்க ஊர்ல வத்தல் காயும், வடகம் காயும், மனுசனும் காய்வான். இங்கன உடுத்துற சேலைகூடக் காய மாட்டேங்கு.”

4

முடிவு ஒன்று: அவரும் விருதுநகர் போகிறார். மூன்றாம் நாள் வெயிலில் சுருண்டு விழுகிறார். பக்கத்தில் அவள், காற்று இதமாக இருக்கிறது என்கிறாள். (எழுதும்போதே வேர்த்ததால் கைவிடப்பட்டது.)

முடிவு இரண்டு: அவர் எழுந்து ஜன்னலை மூடுகிறார். அவள் பெட்டியைப் பிரிக்கிறாள். பிறகு இருவரும்

இது பாதியில் நிற்பதற்குக் காரணம், அவர் நிஜமாகவே எழுந்து போனதுதான். அந்த வீட்டில் சாரலுக்கு ஜன்னல் மூடும் வழக்கமே கிடையாது. ஜன்னலின் மரக்கதவு ஈரத்தில் உப்பிக் கிடந்தது. பிள்ளைவாள் தள்ளினார், குத்தினார், கடைசியில் முதுகைக் கொடுத்து ஜன்னலை அடைத்து நின்றார். சட்டை நனைந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கும் குளிரெடுத்தது.

சண்முகசுந்தரி போர்வையோடு எழுந்து வந்தாள். பேனாவை எடுத்து, முதல் வரியில் ‘இதமான’ என்பதை அடித்தாள். பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

வாசகரே, அவர் கை இப்போது காகிதத்துக்கு எட்டாது. ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் வீட்டில் உப்பிய கதவைச் சீவ இழைப்புளி இருந்தால் எடுத்துக்கொண்டு சீக்கிரம் வாருங்கள்.