இரண்டு வட்டம் வெட்டிய அலமாரி

பல் செட்டுக்காரர் வீட்டு ஸ்பீக்கர்களில் அவர் மனைவியின் குரல் கேட்கத் தொடங்கிய மாலையில், அந்த அம்மாள் இரண்டு தெரு தள்ளித் தங்கை வீட்டு மாடியில் உயிரோடும் ஆரோக்கியத்தோடும் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இப்படி ஒரு விஷயம் காதில் விழுந்ததும் ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று என்று முடிவுகட்டி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நிற்பவர்கள் அந்தத் தெருவிலும் உண்டு. அன்று அவர் போட்டது ஒரு வயலின் இசைத்தட்டு. ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுகள் சூடேறிச் சிவந்தன, ஊசி இறங்கியது, வயலின் வரவில்லை. "ஏங்க, பால்காரர் இன்னைக்கும் வரல. நீங்க போயிட்டு வரீங்களா, நான் போகட்டுமா?" என்றன ஸ்பீக்கர்கள். ஒருவர் பதில் சொல்லி முடிக்கும் நேரம்வரை சும்மா இருந்தன. பிறகு, "சரி, நானே போறேன்" என்றன.

அவர் முன்னறையில் பல் செட் செய்து பிழைத்தார், பின்னறையில் ஆம்ப்ளிஃபயர் செய்து வாழ்ந்தார். கடையில் விற்பதை வாங்கிக் கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். தகட்டை வெட்டி, ஓட்டை போட்டு, வால்வுகளைச் செருகி, ஒயர் ஒயராகப் பற்றவைத்து, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைக்கூடத் தன் கையாலேயே ஒட்டினார். பல் வார்க்கிற மெழுகில்தான் கம்பிச் சுருளை முக்கியெடுத்தார். டிரான்ஸ்ஃபார்மருக்குத் தலைமுடி மாதிரியான செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும். நடுவில் வாயைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும், எண்ணிக்கை போனால் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து. அதனால் மனைவி என்ன சொன்னாலும் "ம்" என்பார். வாயைத் திறக்காமல் சொல்லக்கூடிய பதில் அது ஒன்றுதான். கல்யாணமான புதிதில் கம்பி சுற்றும்போது மட்டும் அப்படிச் சொன்னார். பிறகு பற்றவைக்கும்போதும் சொன்னார், சாப்பிடும்போதும் சொன்னார், கையில் கம்பியே இல்லாமல் வாசலில் சும்மா நின்றபோதும் சொன்னார். வருஷங்கள் ஓடிவிட்டன. ஆள் நல்லவர், குடி கிடையாது, கோபம் கிடையாது. அந்த அம்மாளுக்கு யாரிடமும் போய்க் குறை சொல்லக்கூட வழியில்லை.

கடைசியாகச் செய்த ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நன்றாக உலர்ந்த மரம் தேவைப்பட்டது. புது மரம் வளைந்துவிடும், ஒட்டுப்பலகை தகர டப்பா மாதிரி அதிரும். படுக்கையறையில் மனைவியின் அம்மா கொடுத்த தேக்கு அலமாரி நின்றது. போகும்போதும் வரும்போதும் அதன் கதவுகளை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கண் போன இடம் மனைவிக்குத் தெரியாதா? பின்னறை வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னார். "ம்" என்றார் இவர். மறுநாள் தங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அம்மாள், துணியெல்லாம் கட்டிலில் குவிந்து கிடப்பதையும், கதவுகளில் ஸ்பீக்கர் அளவுக்கு இரண்டு வட்டங்கள் கச்சிதமாக வெட்டப்பட்டிருப்பதையும் பார்த்தார். துணிகளை சூட்கேஸில் அடைத்துக்கொண்டு வந்த வழியே போனார். படியிறங்கும்போதும் ஏதோ சொன்னார். அதற்கு இவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பது தெருவுக்கே தெரியும்.

அலமாரிப் பலகைகளில் பெட்டிகள் செய்து முடித்து, குரல் வந்த அன்று அவர் முதலில் ஒயரைத்தான் சந்தேகப்பட்டார். வால்வுகளை மாற்றினார், இணைப்புகளைத் திரும்பப் பற்றவைத்தார், இசைத்தட்டைத் துடைத்தார். எதைப் போட்டாலும் அந்த அம்மாள்தான் பேசினார், கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து வரிசையாக. இவர் காதில் வாங்கிய பேச்சு ஒன்றும் வரவில்லை. "ம்" போட்டு அனுப்பிய பேச்சு மட்டும் வந்தது. "சன்னல்கிட்ட வாங்களேன், மழையில தெரு எப்படி இருக்கு பாருங்க." "கடைவாய்ப் பல் ராத்திரியெல்லாம் வலிக்குதுங்க." ஊருக்கெல்லாம் பல் கட்டியவர் அதைக் கேட்டுத் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "இந்த மாசமும் இல்லைங்க" என்று ஒரு மாலை வந்தது. அதற்குப் பிறகு வந்த அமைதி மற்ற எல்லாவற்றையும்விட நீளமாக இருந்தது. எவ்வளவு நேரம் அவள் நின்றிருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தொழில் மேசைமேல் தலையைக் கவிழ்த்து விம்மி விம்மி அழுதார். எதிர்வீட்டுத் தபால்காரர் மட்டும் ஒருமுறை வந்து, "அண்ணி பேசறது நல்லாத்தாண்ணே இருக்கு. கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க, பசங்க படிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் அந்த இடைவெளிகளில் பதில் சொல்லத் தொடங்கினார். மழை பார்க்க வருவதாகச் சொன்னார், பால் வாங்கக் கூடவே வருவதாகச் சொன்னார். ஒரு மாதம் போனது. மனைவியின் தங்கை கோபமாக வந்து நின்றார்.

"மாமா, அக்கா துணி காயப்போடறப்ப அப்படியே நின்னுடறா. என்னடின்னு கேட்டா, 'உங்க மாமா இப்பத்தான் பதில் சொல்றாரு'ங்கறா. காது டாக்டர்கிட்ட காட்டினோம். காதெல்லாம் நல்லாருக்கு, பதில்தான் லேட்டா வருதுன்னு சொல்லிட்டாரு."

"என்ன கேட்டுச்சாம் அவளுக்கு?"

"பல்லைக் காட்டுன்னு சொன்னீங்களாம். வாயைத் திறந்துட்டு மாடியில நிக்கிறா, பாவம்."

"வருவாளாமா?"

"அதெல்லாம் கேட்கல மாமா. இன்னும் நிறைய பதில் வரவேண்டியிருக்காம்."

பேச்சு கடைசி வருஷத்தை நெருங்கியது. அலமாரி விஷயம் வரும், அதற்கடுத்துப் படியிறங்கும்போது சொன்னது வரும், அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கடைசிப் பேச்சு என்ன என்று தெரிந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது அவருக்கு. திட்டினாளா, சாவியை எங்கே வைத்தாள் என்று சொன்னாளா, கூப்பிட்டால் வருகிறேன் என்றாளா? ஒரு மாலை அலமாரிப் பலகையே அலமாரியைப் பற்றிப் பேசியது. "ஏங்க, வேற எதை வேணும்னாலும் எடுத்துக்குங்க. இதை மட்டும் தொட்டுடாதீங்க. எங்கம்மா வாசனை இன்னும் இதுல இருக்கு. தொடமாட்டீங்கல்ல?"

பதிலுக்கான இடைவெளி வந்தது. தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அறுத்த மரத்தையே உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் அது பதிலே இல்லை. சும்மா இருந்துவிட்டால் படியிறங்கும்போது சொன்ன பேச்சு வந்துவிடும். பொறுத்துக்கொள்ள வேண்டியதெல்லாம் ஒரு மூச்சு நேரம்தான்.

"தொடமாட்டேன்" என்று சொல்லி சுவிட்சை அணைத்தார்.

மறுநாள் தச்சரை அழைத்து வந்தார். இருவருமாகப் பெட்டிகளைப் பிரித்து, பலகைகளைத் திரும்பப் பொருத்தி, அலமாரியை நிமிர்த்தினார்கள். வட்டங்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தச்சர் துண்டு வைத்து அடைக்கிறேன் என்றதற்கு, வெட்டியது வெட்டியதாகவே இருக்கட்டும் என்றுவிட்டார். தள்ளுவண்டியில் ஏற்றித் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த அம்மாள் அதைச் சுற்றிவந்து பார்த்தார், கதவைத் திறந்து முகத்தை உள்ளே விட்டு முகர்ந்தார், வட்டத்தின் விளிம்பில் விரலை ஓட்டினார்.

"இது வழியா கரப்பான் பூச்சி பூந்துடும்" என்றார்.

இவருக்குத் தொண்டைவரை "ம்" வந்துவிட்டது. விழுங்கினார். "வலை அடிச்சுத் தரேன்" என்றார். பிறகு கேட்டார்: "அன்னைக்குப் படியிறங்கறப்ப ஏதோ சொன்னியே, என்ன சொன்ன?"

அம்மாள் அவரை நன்றாகப் பார்த்தார். "இப்ப ஞாபகம் இல்லை. தினம் வாங்க, வந்தா சொல்றேன்."

வலை அடித்து நெடுநாள் ஆகிவிட்டது. ஞாபகம் இன்னும் வரவில்லை. அவர் தினமும் மாலை போகிறார், மாடியில் உட்கார்ந்து அந்த அம்மாள் சொல்வதையெல்லாம் கேட்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். அந்த ஒரு பேச்சுக்கான ஏக்கம் மட்டும் தீரவில்லை.

அவர் வீட்டுப் பின்னறையில் ஆம்ப்ளிஃபயர் மட்டும் தனியாக இருக்கிறது. மாலையானால் தானாகவே சூடேறிச் சிவக்கிறது. ஸ்பீக்கர் இல்லாமல் ஓடவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும் என்பது ஆம்ப்ளிஃபயர் கிறுக்குப் பிடித்த எல்லோருக்கும் தெரியும், இது கருகுவதில்லை. வாசலில் யார் வந்து நின்று என்ன சொன்னாலும் உள்ளிருந்து "ம்" என்கிறது. பல் செட் வாங்க வருகிறவர்கள் அதை நம்பிச் செருப்பைக் கழற்றும்போது, எதிர்வீட்டிலிருந்து தபால்காரர் குரல் கொடுப்பார்.

"அது அவர் இல்லைங்க. அவரு இப்பல்லாம் வாயைத் திறந்து பேசறாரு. உட்காருங்க, அண்ணி பேசி முடிச்சதும் வருவாரு."

வந்தவர்களும் உட்கார்ந்துகொள்வார்கள்.