நாலரை அடி

மூன்று தடவை அளந்தாகிவிட்டது. மூன்று தடவையும் நாலரை அடிதான் வந்தது. அளவு நாடா என்ன மோலிக்குச் சொந்தமா பந்தமா, பாவம் பார்த்துக் குறைத்துச் சொல்ல?

செவ்வாய்க்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். பார்க்கில் நடக்க வருகிறவர்கள் இன்னும் வரவில்லை. நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, தன் வீட்டுப் பின்சுவரை ஒட்டிய மருதாணிப் புதருக்குள் குனிந்து நின்றாள் மோலி. பழைய எல்லைக்கல்லில் நாடாவின் ஒரு முனையை அழுத்தி, மறு முனையைக் குளியலறைச் சுவரின் வெளி ஓரம் வரை இழுத்தாள். ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பளை தன் வீட்டுக் கக்கூஸை அளந்துகொண்டு நிற்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டுமே. வியாழக்கிழமை பத்து மணிக்கு சர்வேயர் வந்தால் தெருவே பார்க்கத்தானே போகிறது.

அந்த சர்வேயரை வரவழைத்ததே இவள்தான். 

நாலு மாதத்துக்கு முன்னால் பார்க்கின் கிழக்குப் பாதியில் ஒரு போர்டு முளைத்தது. மூன்று மாடிக் கடை வளாகம் வருகிறதாம், கீழே வண்டி நிறுத்துமிடமாம். கேட்கப் போனால், அந்தப் பாதி பார்க்கே இல்லை, மாநகராட்சியின் காலி மனை என்றார்கள். காலி மனையாம்! நாற்பது வருஷத்து நாவல் மரங்கள் காலி மனையிலா நிற்கின்றன? தெரு கொதித்துப்போனது. மூன்றாவது வீட்டு சொர்ணலதா தலைவியானாள். முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்தவள், ஊர் பாஷையான கன்னடத்தில் முத்து முத்தாக எழுதுகிறவள் என்று மோலியைச் செயலாளராக்கினார்கள். ஞாயிறுதோறும் கைகோத்து நின்றார்கள், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். கடைசியில் மோலி உட்கார்ந்து ஒரு மனு எழுதினாள். லேஅவுட் போட்ட காலத்து வரைபடத்தை வைத்து பார்க் முழுவதையும் அளக்க வேண்டும் என்று எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். எழுதுகிற வேகத்தில், பார்க் நிலத்தை யார் ஆக்கிரமித்திருந்தாலும் ஓர் அங்குலம்கூட விடாமல் அகற்ற வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்து, முதல் கையெழுத்தையும் போட்டாள். மரத்தடியில் வாசித்துக் காட்டியபோது அந்த வரிக்குத்தான் கைதட்டல் அதிகம்.

சத்தியமாக அவளுக்குத் தன் குளியலறை ஞாபகமே வரவில்லை. அவளுக்கு மட்டுமா? தெருவில் ஒருவருக்கும் வரவில்லை. தினமும் பினாயில் ஊற்றித் தேய்க்கிற இடம் வீடு. பார்க் என்பது அந்தச் சுவருக்கு அப்பால் இருப்பது. அப்படித்தான் மனசில் படிந்துபோயிருந்தது. திங்கட்கிழமை சர்வேக்கு உத்தரவு வந்து, சொர்ணலதா லட்டு டப்பாவோடு ஓடி வந்து, "பின்வரிசை வீட்டுச் சுவர்ல இருந்து ரோடு வரைக்கும் அளக்கிறாங்களாம் சிஸ்டர்" என்று வாயில் ஒன்றைத் திணித்தபோதுதான் பொறி தட்டியது. 

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் இஸ்ரவேலுக்குப் பக்கவாதம் வந்தது. ஹனூர் ரூட்டில் இருபத்தாறு வருஷம் அரசு பஸ் ஓட்டிய மனுஷன். மலைப்பாதை வளைவுகளில் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்புகிறவர், வலது கையும் காலும் விழுந்து கட்டிலில் கிடந்தார். மோலி வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருந்தார்கள். எத்தனையோ பேருக்குச் செய்ததைத்தானே இவருக்கும் செய்யப்போகிறோம் என்று மோலி துணியும் வெந்நீருமாகப் போனாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "இத மட்டும் நீ செய்யாத மோலி" என்று குழறினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பெற்ற மகள் கேரல் பிறந்தபோதுகூட சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தவர்.

வீடு இருபதுக்கு முப்பது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், முன்னால் ரோடு. பழைய குளியலறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும், அதன் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாது. சாக்கடைக் குழாய் போவதும் பின்பக்கம்தான். சொர்ணலதாவின் வீட்டுக்காரர் ரத்தினவேல்தான் பின்சுவரை இடித்துக் கொஞ்சம் வெளியே தள்ளலாம் என்றார். தெருவே சேர்ந்து செங்கல் சுமந்தது. அகலக் கதவு, உட்கார வசதியான கோப்பை, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. அன்றிலிருந்து இஸ்ரவேல் தானே போவார், தானே குளிப்பார், தானே வருவார். முக்கால் மணி நேரம் ஆகும். வெளியே வரும்போது தலை வாரி, கழுத்தில் பவுடர் போட்டு, டியூட்டிக்குக் கிளம்புகிறவர் மாதிரி வருவார். அந்த முக்கால் மணி நேரம்தான் அவர் யாருக்கும் நோயாளி இல்லாத நேரம். அதைத்தான் ஓர் அங்குலம் விடாமல் அகற்றச் சொல்லி மோலி முத்து முத்தாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆண்டவரே!

அன்று மத்தியானம் வாசலில் ஒரு பைக் நின்றது. இறங்கி வந்தவன் பெயர் கிரண். கடை வளாகம் கட்டப்போகிற காண்ட்ராக்டரின் ஆள் என்று அவனே சொன்னான். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், சிரித்த முகம்.

"நான் ஹனூருங்க அக்கா. அண்ணன் வண்டியிலதானுங்க காலேஜுக்கு வந்து போனது" என்றான். நிஜமோ பொய்யோ, கட்டிலில் இருந்த இஸ்ரவேலின் முகம் மலர்ந்துவிட்டது. எந்த வருஷம், எந்த வண்டி என்று குழறிக் குழறிக் கேட்டார். அவனும் பொறுமையாகப் பதில் சொன்னான். தண்ணீர் வாங்கிக் குடித்தான். பிறகு மோலியை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் போனைக் காட்டினான். புதர், எல்லைக்கல், அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் குளியலறை எல்லாம் படமாக இருந்தன.

"வியாழக்கிழம அளந்தா இது போயிருமுங்க அக்கா. எனக்கே கஷ்டமா இருக்குதுங்க. அண்ணன் இந்த நெலமையில என்ன பண்ணுவாரு?" அவன் குரலில் மிரட்டலே இல்லை. அதுதான் மோலிக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒரு தாளை நீட்டினான். "மொதல் கையெழுத்து உங்களுதுங்க. மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா சர்வே நின்னுபோயிரும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்கறேனுங்க."

தாளை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தாள். அதற்கப்புறம் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாம்பாரில் உப்பை இரண்டு தரம் போட்டாள். இஸ்ரவேல் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, சாதத்தை நிறையப் பிசைந்து சாப்பிட்டார். அவரிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன சொல்வார்? இரண்டு தடவை பேனாவைக் கையில் எடுத்தாள். இரண்டு தடவையும் நாவல் மரத்தடியில் கைதட்டியவர்களின் முகம் வந்து நின்றது. பேனாவைப் போட்டாள். உடனே ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிய முகம் வந்து நின்றது.

புதன்கிழமை காலையில் தாங்க முடியாமல் சொர்ணலதா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். போராட்டத்துக்குத் தட்டி எழுதிக்கொண்டிருந்த சொர்ணலதா பிரஷை வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கே? அது நம்ம கட்டினது சிஸ்டர். நாங்க விட்டுருவோமா?"

"மனுல நானே எழுதியிருக்கேன் லதா, ஓர் அங்குலம்கூட..."

"அது அவங்களுக்கு எழுதினது. நமக்கா எழுதினது? நீ சும்னே இரு. எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்றேன், நாங்க பாத்துக்கறோம். நீ அந்தப் பேப்பர்ல கையெழுத்து மட்டும் போடாத, அஷ்டே, அவ்வளவுதான்."

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று மோலி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டிவரும் என்பது உள்ளுக்குள் தெரிந்துதான் கேட்காமல் வந்தாள். கெடு முடிந்து சாயங்காலமும் போனது. தாள் ஃப்ரிட்ஜின் மேலேயே கிடந்தது. கிரண் வரவில்லை, போனும் பண்ணவில்லை. எதற்குப் பண்ணவில்லை? அந்த யோசனையிலேயே இரவெல்லாம் புரண்டாள்.

வியாழக்கிழமை காலையில் பின்பக்கம் போனவள் திகைத்து நின்றாள். எல்லைக்கல் குளியலறைக்கு வெளியே, பார்க் பக்கம் தள்ளி நட்டிருந்தது. அடியில் புதுமண். ரத்தினவேல் தூரத்தில் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அறுபத்தாறு வயசில் அந்தக் கல்லைப் பெயர்த்துத் தூக்கியிருக்கிறார் மனுஷன். மோலிக்கு அழுகை முட்டியது. நன்றியா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பத்து மணிக்கு சர்வேயர் மனோஜ்குமார் முக்காலிக் கருவியும் வரைபடமுமாக வந்தார். கிழக்குப் பக்கத்தில் ஆரம்பித்தார். ரோட்டோரக் கற்கள் இரண்டும் வரைபடத்தோடு அச்சாகப் பொருந்தின. "இது பார்க்தான். காலி மனைன்னு தனியா ஒண்ணு வரைபடத்துலயே இல்ல" என்று அவர் கன்னடத்தில் சொன்னதும் சொர்ணலதா விசிலடிக்காத குறை. எல்லாரும் கைதட்டினார்கள். அப்போதுதான் மோலி வேலியோரம் பார்த்தாள். கிரண் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். கையில் போன். தன் ஆட்கள் தோற்றுக்கொண்டிருக்கும்போது அவன் முகத்தில் ஏன் அந்தச் சிரிப்பு?

மோலிக்குச் சட்டென்று உறைத்தது. அவன் காத்திருக்கிறான். நகர்த்திய கல்லை சர்வேயர் நோட்டில் எழுதட்டும், கையெழுத்துப் போடட்டும், அதற்கப்புறம் அந்தப் படத்தைக் காட்டினால் போதும். கல்லை நகர்த்திய கூட்டம் என்று ஆகிவிடும். இங்கே ஒரு கல் பொய் என்றால் அங்கே இருக்கிற கற்களை யார் நம்புவார்கள்? நாலு மாதப் பாடும் மண்ணாகும், மரமும் போகும்.

மனோஜ்குமார் புதரை நோக்கி நடந்து வந்தார். குளியலறைக்குள்ளே தண்ணீர் விழுகிற சத்தம். இஸ்ரவேல் பத்து மணிக்குத்தான் போவார், இன்றும் போயிருந்தார். மேலே வெண்டிலேட்டர் திறந்திருந்தது. இங்கே பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குக் கேட்கும்.

சர்வேயர் கல்லின் மேல் கை வைத்தார். நோட்டைத் திறந்தார்.

"சார்" என்றாள் மோலி.  "அந்தக் கல் நேத்து அங்க இல்ல."

"சிஸ்டர்!" என்று சொர்ணலதா அலறினாள்.

"இதோ இங்க இருந்தது." புதருக்குள் போய்க் காலால் இடத்தைக் காட்டினாள். "எங்க பாத்ரூம் பார்க் நிலத்துலதான் இருக்கு. நாலரை அடி. எழுதிக்குங்க."

 ரத்தினவேல் தலையைக் குனிந்துகொண்டார். மனோஜ்குமார் கருவியை வைத்துப் பார்த்து, மோலி காட்டிய இடம்தான் வரைபடத்தில் இருப்பது என்றார். உள்சுவரையும் அளக்க வேண்டும், கதவைத் திறக்க முடியுமா என்று கேட்டார்.

"உள்ள எங்க வீட்டுக்காரர் இருக்காரு. அவருக்குக் கொஞ்ச நேரமாகும்" என்றாள்.

காத்திருந்தார்கள். தண்ணீர் சத்தம் நின்றிருந்தது. இருபது பேருக்கு மேல் நின்ற இடத்தில் எல்லாருமே மரத்தைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், அந்த வெண்டிலேட்டரை மட்டும் பார்க்கவில்லை. கிரண் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எப்போது போனான் என்று யாரும் கவனிக்கவில்லை. சொர்ணலதா மோலியின் கையைப் பிடிக்க வந்து, பாதியில் நிறுத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. மனோஜ்குமார் உள்ளே போய் அளந்தார். வெளிச்சுவரில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டார். பார்க் முழுவதும் பார்க் என்று எழுதித் தருவதாகவும், குளியலறையை இடிக்கப் பதினைந்து நாள் நோட்டீஸ் வரும் என்றும், போகிறபோது அவர் மோலியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

மோலி உள்ளே வந்தாள். இஸ்ரவேல் சக்கர நாற்காலியில் இருந்தார். தலை வாரியிருந்தது. பவுடர் போட்டுக்கொள்ளவில்லை.

"எல்லாம் கேட்டுச்சு" என்றார். வார்த்தை ஒவ்வொன்றும் மெல்லத்தான் வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்ல."

"கேட்டிருந்தா அவர்கிட்ட சொல்ல வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதான் கேக்கல." அவள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.  அவர் இடது கையால் அவள் தலையைத் தொட வந்து, எட்டாமல், நாற்காலியின் பிடியிலேயே கையை வைத்துக்கொண்டார். வெளியே பார்க்கில் யாரோ தயங்கித் தயங்கிக் கைதட்ட ஆரம்பித்து நிறுத்தினார்கள்.

"எத்தன நாள் குடுத்திருக்காங்க?"

"பதினஞ்சு நாள்."

இஸ்ரவேல் குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பதினஞ்சு நாளும் நானே போய்க்கறேன்" என்றார். "அதுவரைக்கும் நீ வராத மோலி."

"வரலங்க" என்றாள்.