மாமனாரின் குரலும் மாப்பிள்ளையின் கிராபிக்ஸ் கார்டும்

'சாதனம் எதுவும் கிடைக்கவில்லை' என்று கம்ப்யூட்டர் மறுபடியும் சொன்னது. மாப்பிள்ளைக்கு அதை அப்படியே தூக்கி ஜன்னல் வழியாக வீசிவிடலாமா என்று இருந்தது. கிடைக்கவில்லையாம்! செங்கல் கனத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு பெட்டிக்குள் உட்கார்ந்து விசிறியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, பாழாய்ப்போன அந்த மென்பொருளின் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை.

பின்னால் நாற்காலியில் இருந்த மாமனார் சிலேட்டில் எழுதி நீட்டினார். 'திறந்துச்சா?'

"இல்ல மாமா."

மாமனார் கோர்ட்டில் ஆள் கூப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வராந்தாவில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டால், எதிர்ச்சாரி டீக்கடையில் பதுங்கியிருப்பவன்கூட டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவான். அந்தத் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு நல்ல யோசனை சொன்னார். தினமும் வீட்டில் பேசுவதையெல்லாம் இப்போதே பேசிப் பதிவு செய்து வைத்தால், பின்னால் அவர் குரலிலேயே பேசும் மெஷின் ஒன்று செய்து தரலாம் என்றார். மாமனாரும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தன் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்த்தார். அதோடு விட்டாரா? எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினார். "என் குரலை எவனாவது திருடிட்டான்னா?" என்று மகளிடம் கேட்டாராம்.

இப்போது அந்தப் பூட்டுத்தான் திறக்க மாட்டேன் என்கிறது. திங்கட்கிழமைக்குள் பதிவுகளைக் கொடுத்தால் மெஷின் அவர் குரலில் பேசும். இல்லாவிட்டால் அதோடு வரும் யாரோ ஒருவரின் குரல்தான், காலத்துக்கும்.

பாஸ்வேர்டு அவருடைய பழைய ஸ்கூட்டரின் நம்பர். அதை மாமனார் அடித்துப் பார்த்தார், மகள் அடித்துப் பார்த்தாள், மாப்பிள்ளையும் அடித்துப் பார்த்தார். எல்லாருக்கும் ஒரே பதில், பாஸ்வேர்டு தவறு. 'நான் மறக்கல' என்று மாமனார் சிலேட்டில் அழுத்தி எழுதியதில் பல்பம் உடைந்தது.

"மயக்க மருந்து குடுத்தா வயசானவங்களுக்கு இப்படித்தான் ஞாபகம் தப்பும்" என்று மாப்பிள்ளை மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னார். மாமனாருக்குப் போனது குரல்தான். காது நன்றாகவே கேட்டது.

மாப்பிள்ளை ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். கெட்டுப்போனது எதையும் சரிசெய்யாமல் விடமாட்டார். கெட்டுப்போகாததையும் விடமாட்டார், அதுதான் வீட்டில் தினமும் ரகளை. அவர் போட்ட திட்டம் இது: மாமனார் சொல்வதைக் கணக்கில் எடுக்காமல், வரக்கூடிய எல்லா எழுத்தையும் எண்ணையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிடுவது. கிழட்டுக் கம்ப்யூட்டர் தானாக அதைச் செய்தால் ஆயுசு போதாது. அச்சகத்திலிருந்து கொண்டு வந்து மாட்டிய கிராபிக்ஸ் கார்டோ ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் போட்டுப் பார்க்கும். கோப்பை அச்சகத்துக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டதற்கு, வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று மாமனார் ஒற்றைக் காலில் நின்றார். அதனால்தான் இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டு.

புது மென்பொருள் கார்டைப் பார்த்து, நீ ரொம்பப் பழசு என்றது. பழைய மென்பொருளோ கார்டை இயக்கும் டிரைவரைப் பார்த்து, நீ ரொம்பப் புதுசு என்றது. டிரைவரைப் பழசாக்கினால் திரையே இருண்டது. நடுவில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை, வாய்க்கு வந்தபடி முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போட்டார். கார்டு ஒருவழியாகத் தலையைக் காட்டியது. ஓட்டினார். பொட்டென்று கம்ப்யூட்டரே அணைந்துபோனது. கார்டு இழுக்கும் மின்சாரத்தைப் பழைய பெட்டியால் கொடுக்க முடியவில்லை. அச்சகத்திலிருந்து பெரிய பவர் சப்ளை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அது பெட்டிக்குள் நுழையவில்லை. பக்கத்துத் தகட்டைக் கழற்றி, அதை வெளியே ஸ்டூலில் வைத்து ஒயரை இழுத்து மாட்டினார். கார்டு கொதித்தது. கூடத்து ஃபேனைத் தூக்கி வந்து அதன் முகத்துக்கு நேரே வைத்தார்.

"எனக்குக்கூட நீங்க இப்படிக் காத்து வாங்க வெச்சதில்ல" என்றாள் மனைவி.

"சும்மா இரு. எரிச்சலைக் கிளப்பாத."

கடைசியில் ஓடியது. மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முடிய எவ்வளவு நேரமாகும் என்று பார்த்தார். வருடக் கணக்கில் காட்டியது. இத்தனை பாடும் இதற்குத்தானா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகியிருந்தது. மாமனார் சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, ஒரு நிமிஷம் அப்பா சொல்றத நம்பித்தான் பாருங்களேன். ஊர்ல இருக்கிறவன் பேரையெல்லாம் மனப்பாடமாக் கூப்பிட்டவருக்குச் சொந்த ஸ்கூட்டர் நம்பர் மறக்குமா? அடிக்கும்போது விரல் வழுக்கியிருக்கலாம். அந்த நம்பரையே கொஞ்சம் தப்பும் தவறுமாப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க."

அது இல்லை என்று அவளுக்குக் காட்டிவிடத்தான் மாப்பிள்ளை உட்கார்ந்தார். ஓர் எழுத்தை மாற்றி, ஓர் எழுத்தை விட்டு, ஓர் எழுத்தை இரண்டாக்கி என்று கட்டளை கொடுத்துத் தட்டினார். தட்டிய விரலை எடுப்பதற்குள் விடை வந்து நின்றது. ஸ்கூட்டர் நம்பரேதான். நடுவில் இருந்த நான்கு என்ற எண் மட்டும் இல்லை. அதை அப்படியே அடித்ததும் கோப்பு திறந்துகொண்டது.

மாப்பிள்ளைக்குச் சுரீரென்றது. மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வந்ததும் சந்தோஷப்படட்டும் என்று இந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்து, அழுக்கேறிய கீபோர்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டுப் புதிது மாட்டியவர் அவர்தான். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பழையதை எடுத்து வந்து மாட்டினார். நான்கை அழுத்தினார். ஓங்கி அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. செத்துப்போன விசை. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் வெறும் புள்ளிகள்தான் விழும். விசையைப் பார்த்தே ஒற்றை விரலால் அடிக்கிறவர், ஒரு புள்ளி குறைந்ததை எங்கே பார்த்தார்? அன்று தொட்டுத் தினமும் அதே பழைய கீபோர்டில் அதே நம்பரை அடித்துத் திறந்திருக்கிறார்.

இதற்குக் கார்டும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம். மனுஷன் சொன்னதை நம்பியிருந்தால் கிழட்டுப் பெட்டியே கண் இமைக்கும் நேரத்தில் செய்திருக்கும். மாப்பிள்ளைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லாமலே மழுப்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

"மாமா, நீங்க மறக்கல. பழைய கீபோர்டுல நாலாம் நம்பர் பட்டன் வேலை செய்யல. அத மாத்துனது நான்தான். தப்பு என்மேலதான். நீங்க அத்தன தடவ எழுதிக் காட்டியும் நான் நம்பல."

மாமனார் சிலேட்டை எடுக்கவில்லை. எழுந்து வந்து மவுஸை வாங்கினார். திறந்து கிடந்த பதிவுகளில் கீழே கீழே போய், தேடி, ஒன்றைத் தட்டினார். எதிர்ச்சாரிவரை கேட்கும் அந்தப் பழைய குரல் அறை முழுக்க எழுந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, அதுல கை வைக்காதீங்க. அது நல்லாத்தான் இருக்கு."

இனி வீட்டில் தினமும் பேசவேண்டி வரும் என்று நினைத்துப் பேசிவைத்தவற்றில் அதுவும் ஒன்று. மாமனார் மருமகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை தட்டினார். அது மறுபடியும் சொன்னது.

மாப்பிள்ளை கீபோர்டின் மேலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி மாமா" என்றார். "தொடல."