ஒத்திகைக்குக் கொளுத்திய கற்பூரம்

பன்னிரண்டு நாளாகக் குப்பத்தில் ஒருவரும் ஏரியில் வலை கட்டவில்லை. மழை ஓய்ந்து, இறால் முகத்துவாரம் பார்த்து ஊர்வலம் போகிற பருவம். ஊர்வலம் ஜோராகப் போனது. பிடிக்கத்தான் ஆளில்லை.

காரணம் ஊர்த் தலைவர் துளசிங்கம். பழவேற்காட்டு ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று வருஷா வருஷம் எல்லம்மா கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அந்த இடத்துக்கும் முறைக்கும் பாடு என்று பெயர். போன வருஷம் முகத்துவாரப் பாடு துளசிங்கத்துக்குத்தான் விழுந்தது. அவர் வலை கட்டிய வாரமே மணல்மேடு வாயை அடைத்துக்கொள்ள, இறாலுக்குப் பதில் இரண்டு ரப்பர் செருப்பு கிடைத்தது. இரண்டும் இடது கால்.

"அது சேர்த்தி இல்ல. இந்த வாட்டியும் எனக்கே. சீட்டு வேணாம்" என்றார்.

"சீட்டு போடாம எவனும் வலை கட்டக் கூடாது மாமா" என்றான் சடையன், அவர் மனைவி பொன்னியம்மாளின் தம்பி. ஊர் இரண்டாகப் பிரிந்து மல்லாந்து படுத்துக்கொண்டது.

இந்த லட்சணத்தில்தான், சீட்டுக் குலுக்குவதைப் பார்க்க ஆள் வருகிறது என்று தொலைபேசி வந்தது. போரில் அடிபடுகிற ஊர்களில் தண்ணீர், பள்ளிக்கூடம், நகராட்சி எதுவும் குலைந்துபோகாமல் முட்டுக்கொடுக்கும் சர்வதேச அமைப்பு ஒன்று ஒக்சானா என்ற வெளிநாட்டு நகராட்சி அதிகாரியை அனுப்பியிருந்தது. அவள் ஊரில் பதினோரு தெருவுக்கு ஒரே ஜெனரேட்டர். வானத்திலிருந்து விழுகிற குண்டு போதாதென்று, கீழே முறைக்காக அடிதடி. சண்டையில்லாமல் முறை வைத்துக்கொள்ளும் ஜனங்கள் என்று யாரோ இந்தக் குப்பத்தைக் கைகாட்டிவிட்டார்கள்.

துளசிங்கம் மச்சானைத் தனியே இழுத்தார். "மானம் போவுது சடையா. சும்மா ஒரு ஒத்திகை போட்டுக் காட்டிடலாம். அவங்க வேன் திரும்பித் திருப்பாலைவனம் தாண்டிச்சுன்னா உன் வழி உனக்கு, என் வழி எனக்கு."

"எனக்கு இன்னா லாபம்?"

"பிரியாணி."

"சிக்கனா?"

"சரி, மட்டன்."

"முட்டையோட" என்று சடையன் பேரத்தை முடித்தான்.

காலை பத்து மணிக்கு வேன் வந்தது. மொழிபெயர்க்கக் காவியா என்ற பெண் கூட வந்திருந்தாள். பதினாறு குடும்பமும் முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு கோயில் முன்னால் உட்கார்ந்தது. பித்தளைக் குடத்தில் பேர்ச் சீட்டு. எல்லாம் துளசிங்கம் சொன்னபடியே நடந்தது, பொன்னியம்மாள் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தும் வரை.

முப்பது வருஷப் பழக்கமோ, பன்னிரண்டு நாள் இறாலே பார்க்காத சட்டியின் கோபமோ, அவளுக்குத்தான் வெளிச்சம். தீ எழுந்ததும் ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. துளசிங்கத்தின் இரண்டு கையும் அவரைக் கேட்காமலே எழுந்து பளார் பளாரென்று போட்டன. அப்புறம்தான் நாக்கைக் கடித்தார்: கற்பூரம் எரிந்துவிட்டால் சீட்டு ஆத்தா முன்னால் சத்தியம், மாற்ற முடியாது.

"ஏம்மே, ஒத்திகைன்னு சொன்னேனில்ல?" என்று பல்லிடுக்கில் சீறினார்.

"என்கிட்ட சொன்ன. ஆத்தாகிட்ட சொன்னியா?"

அதற்குள் ஒக்சானா குடத்துக்குள் கையை விட்டாகிவிட்டது. முதல் சீட்டுக்கு முகத்துவாரம். பேரைக் காவியா படித்தாள்: சடையன். அவன் பிரியாணியை மறந்து எழுந்து ஆடினான். கடைசிச் சீட்டு துளசிங்கம். மிச்சமிருந்தது முட்டளவு சேறும் நண்டுமாக ஒரு மூலை.

ஒக்சானா ஏதோ கேட்டாள். காவியா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தோத்தவர் இப்ப என்ன செய்வார்னு கேக்கறாங்க. அவங்க ஊர்ல இந்த எடத்துலதான் எவனாவது ஒயரை அறுத்துடுவானாம்."

முப்பது ஜோடிக் கண் துளசிங்கத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. 'இது ஒத்திகை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முகத்துவாரம் கையைவிட்டுப் போகாது. வாயைத் திறந்தார். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கன்னமும்தான்.

"தோத்தவன் வலைய எடுத்துனு போவான்" என்றார். "வேற இன்னா செய்வான்?"

லுங்கியை மடித்துக் கட்டி எழுந்தார். அவ்வளவுதான், ஊரே விழுந்தடித்துப் படகுத்துறைக்கு ஓடியது. பவுடர் முகமும் சட்டைப்பை நிறைய வெற்றிலையுமாக ஆளாளுக்கு வலையை இழுத்தார்கள். பிரியாணி அண்டாவைக் கேட்பாரில்லை. ஒருவன் கரண்டியோடு படகேறிவிட்டான்.

ஒக்சானா நோட்டும் கையுமாகத் துளசிங்கத்தின் பின்னால் ஓடினாள். குடம் எழுதிக்கொண்டேன், சீட்டு எழுதிக்கொண்டேன், அந்த வெள்ளைக் கட்டியும் வேண்டுமா என்று கேட்டாள்.

"அதான் எல்லாமே. பொன்னி, ரெண்டு டப்பா குடு."

"அதை ப்ளேன்ல விடமாட்டாங்க சார்" என்றாள் காவியா.

துளசிங்கம் ஒரு காலைப் படகில் வைத்தபடி யோசித்தார். "அப்ப அவங்க சாமிக்கு எதைக் கொளுத்துவாங்களோ அதைக் கொளுத்தட்டும். ஆனா ஒண்ணு எழுதிக்கச் சொல்லு. மொதல்ல ஒத்திகைன்னு சொல்லித்தான் கூப்புடணும். இல்லேன்னா என்னை மாதிரி ஆளு ஒருத்தனும் வரமாட்டான்."

சொல்லிவிட்டுச் சேற்றை நோக்கிக் கோலை ஊன்றினார்.