விண்ணப்பத்தில் ஏறிய பூண்டு அயோலி

1.
முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையின் முதல் வரியை ஒரு வேலை விண்ணப்பத்தில்தான் எழுதினேன். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு எதிரே மனு, கடிதம், விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவன் நான். கல்யாணச் சமையலுக்குப் போகும் ரோஸ்லின், நல்லவாட்டில் வெள்ளைக்காரர்கள் தங்கும் கடலோர விடுதி ஒன்றில் சமையல் வேலை கேட்டு எழுதச் சொன்னாள். ‘தெரிந்த பதார்த்தங்கள்’ என்பதன் கீழ் சாம்பார், வத்தக்குழம்பு, பிரியாணி என்று மூன்றை நிரப்பினேன். கோடுகளோ நான்கு. காலியாக விட மனம் வரவில்லை. விடுதியின் உணவுப் பட்டியலைக் கைபேசியில் பார்த்து, ‘பூண்டு அயோலி’ என்று போட்டேன்.

பதில் வந்தது: வெள்ளி காலை பதினோரு மணிக்கு வரவும். பூண்டு அயோலி ஒரு கிண்ணம் செய்துகொண்டு வரவும்.

2.
(கைவிட்ட தொடக்கம்: ‘நல்லவாட்டுக் கடல் அன்று வெண்ணெய் போலத் திரண்டு...’ அடித்துவிட்டேன். இந்தக் கதையில் கடலுக்கு வேலை இல்லை. ரோஸ்லினுக்கும் இன்னும் இல்லை.)

3.
“இன்னாண்ணா இது, அயோலி? துண்றதா, தடவுறதா?”

“தொட்டுக்கறது.”

“எழுதுனது நீதான? வூட்டுக்கு வந்து சொல்லிக் குடு. இந்த வேல கெடச்சா ஊர் ஊரா அண்டா தூக்க வாணாம்ணா. பொழுது சாஞ்சா வூட்ல இருப்பேன்.”

வெள்ளி காலையிலேயே போனேன். [எழுதுகிறவன் காட்சிக்குள் வருவது கதைக்கு நல்லதல்ல. வேறு ஆள் கிடைக்கவில்லை.] வீடியோ பார்த்து, செய்முறையைத் தாளில் வரிசையாக எழுதியிருந்தேன். ஒன்று, பூண்டை உப்புடன் மைய இடிக்கவும். இரண்டு, மஞ்சள் கரு இரண்டு சேர்க்கவும். மூன்று, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கை நிறுத்தாமல் குழைக்கவும், திரண்டு வரும். அடுப்பு என்ற சொல்லே தாளில் இல்லை.

4.
ரோஸ்லினின் மாமியார் காசம்மாளை வில்லியாக்கலாமா என்று யோசித்தேன். மாமியார் என்றதுமே நீங்களும் தயாராகியிருப்பீர்கள். ஆனால் அவர் செய்தது உதவி. ரோஸ்லின் மஞ்சள் கருவை உரலில் விட்டதும், கடலை எண்ணெயைக் காய்ச்சி, கடுகும் கறிவேப்பிலையும் பொரியவிட்டு, கரண்டியோடு மேலே ஊற்றிவிட்டார்.

உரலில் முட்டைப் பொரியல்.

“இன்னா அத்தே இப்புடிப் பண்ட்ட?”

“பச்ச எண்ணெயயாடி குடுப்ப வெள்ளக்காரனுக்கு? வவுறு இன்னாத்துக்கு ஆவும்?”

“அவன் முட்டயே பச்சயாத்தான் துண்றான்.”

“அதான் சொல்றேன். எண்ணெயாவது காயட்டும்.”

நான் தாளை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தாளிக்கக் கூடாதுன்னு எங்க தம்பி எழுதிக்கிற?”

எழுதவில்லைதான்.

(பொரியல் நன்றாக இருந்தது. ஆளுக்கு இரண்டு வாய். இது அடிக்குறிப்பாகவே கிடக்கட்டும்.)

5.
மிச்சம் ஒரே முட்டை. பத்தேகாலுக்கு பஸ். ரோஸ்லின் குழைக்க, காசம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பச்சை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். என்னை மூச்சு விடவும் அனுமதிக்கவில்லை. மஞ்சள் மெல்ல வெளுத்தது. பிறகு கெட்டியாகி, செருகிய கரண்டி சாயாமல் நின்றது. ரோஸ்லின் எலுமிச்சை பிழிந்து, விரலால் தொட்டு நக்கினாள்.

“நல்லா இருக்குதாடி?”

“யாருக்குத் தெரியும் அத்தே? நல்லா இருந்தா எப்புடி இருக்கும்னே தெரியாதே.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாளைப் பார்த்தேன்.

6.
முடிவுகள் தயாராக இருந்தன. அ: விடுதிக்காரர் இரண்டாம் முறையும் தொட்டுக்கொள்கிறார், வேலை கிடைக்கிறது. ஆ: ‘ஏதோ குறைகிறதே’ என்கிறார், ரோஸ்லின், ‘தாளிப்பு சார்’ என்கிறாள். இ: பஸ் திடீரென்று பிரேக் போட, கிண்ணம்... (இதை எழுதக் கை வரவில்லை.)

பஸ் ஜன்னல் வழியே மூன்றையும் சொன்னேன். மடியில் கிண்ணத்தை இரு கைகளாலும் பிடித்திருந்தாள்.

“ஒண்ணும் எழுதாதண்ணா. ஒரு தபா எழுதுனதுக்கே ரெண்டு முட்ட போச்சி.”

இப்போது மணி பதினொன்று ஐந்து. உள்ளே கூப்பிட்டிருப்பார்கள். நான் பேனாவை மூடிவிட்டேன். முடிவை நீங்கள் எழுதுங்கள். எவ்வளவு நன்றாக வேண்டுமானாலும் எழுதலாம். அதை நாளைக் காலை அவள் செய்து காட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.